மூன்றாந்தரம் கேட்ட கரை

அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன அன்று அம்மா ஒரு பொருத்தனை பண்ணினார்கள். இவர் பிழைத்து வந்தால் கலிலேயாக் கடற்கரையில் போய் நின்று ஸ்தோத்திரம் சொல்வேன் என்று. அப்பா பிழைத்தார், அதன்பின் எட்டு வருஷம் இருந்தார். அம்மாவுக்கு பாஸ்போர்ட்கூட எடுத்தோம். அப்புறம் மூட்டுவலி வந்தது, கொரோனா வந்தது, கடைசியில் அம்மாவும் போய்விட்டார்கள். அந்தக் கடன் என் தலையில் நின்றது. போன நவம்பரில் அவர்களுடைய வேதாகமத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் எருசலேம். நெரிசலைப் பற்றி என்ன சொல்ல! சிலுவைப் பாதையில் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபிக்க முடியவில்லை. ஜெபமாலை, ஒலிவமரச் சிலுவை என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் இரண்டு நிலை தாண்டி என் பின்னாலேயே வந்தார். கல்லறை ஆலயத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்று உள்ளே போனால், முழங்கால் போடுவதற்குள் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் போனேனே, அது போதும்.

சீயோன் மலைச் சரிவில் சேவல் கூவிய ஆலயம் இருக்கிறது. ஆண்டவர் பிடிபட்ட இரவில் அவருடைய சீஷன் பேதுரு, அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்ததை நினைவுகூரும் இடம். கூரைமேல் பொன்னிறச் சேவல் நிற்கிறது. அதன் பக்கத்தில் பழங்காலத்துக் கற்படிகள் இறங்குகின்றன. கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே ‘நான் அல்ல’ என்று சொன்னானே, அந்த இரவு அங்கே நின்றபோது மனதை அழுத்தியது. அந்த பாரத்தோடுதான் மூன்றாம் நாள் காலை யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே போனோம்.

கலிலேயாக் கடல் என்கிறோமே தவிர அது நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. தப்கா என்ற இடத்தில் கரையை ஒட்டிக் கருங்கல்லில் ஒரு சின்ன ஆலயம், 1933-ல் பிரான்சிஸ்கன் சபையார் கட்டியது. பீடத்துக்கு முன்னால் ஒரு பாறை தரையிலிருந்து எழும்பி நிற்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்குக் காலை உணவு வைத்த இடம் என்று அதைக் கிறிஸ்துவின் மேசை என்கிறார்கள். அன்றைக்கும் கரிநெருப்புதான் போட்டிருந்தார். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவதே இரண்டு இடத்தில்தான்: மறுதலித்த முற்றத்திலும் இந்தக் கரையிலும். பேதுரு எந்த நெருப்பின் முன்னால் விழுந்தானோ, அதே போன்ற நெருப்பை மூட்டி வைத்துக்கொண்டு, திட்டாமல், ‘வாருங்கள், சாப்பிடுங்கள்’ என்று கூப்பிடுகிறவர் என் ஆண்டவர்.

எங்களுக்குக் கிடைத்தது 25 நிமிஷம். பாறையைச் சுற்றி வேறு ஒரு குழு, ஆளுக்கொரு செல்ஃபி. ஒரு வயதான அம்மா பாறைமேல் முகத்தை வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. நேரம் போகிறதே என்று நான் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, என் கையைப் பிடித்து, பாறைமேல் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். என்னவோ சொன்னார், என்ன மொழியோ தெரியவில்லை. கல் குளிர்ந்திருந்தது, அவர் முகம் பட்ட இடத்தில் மட்டும் ஈரம்.

அங்கேயே அம்மாவின் வேதாகமத்தைத் திறந்தேன். யோவான் 21, சிவப்புப் பென்சில் கோடுகள். சீமோனே, நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று, சீமோன் என்ற பேதுருவிடம் ஆண்டவர் இரண்டு தரம் கேட்கிறார். இரண்டு தரமும் அவன் ‘உம்மை நேசிக்கிறேன்’ என்கிறான். மூன்றாந்தரம் அவரே ‘நேசிக்கிறாயா’ என்று கேட்கிறார். கிரேக்க மூலத்திலும் அங்கே சொல் மாறுகிறது. அவர் கேட்டது அகாபே, தன்னையே கொடுக்கிற அன்பு. அவன் சொன்னது ஃபிலியோ, நட்பின் பாசம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும். அந்தப் பாறையில் கை வைத்திருந்த எனக்கு வித்தியாசம் தெரிந்தது. அவனால் அவ்வளவுதான் முடியும் என்று கண்டு, அவன் வார்த்தைக்கே இறங்கி வந்து கேட்கிறார். ஏன் மறுதலித்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று அவனையே நம்பி ஒப்படைக்கிறார்.

அந்த மூன்றாவது கேள்வியின் ஓரத்தில் அம்மா என் பேரையும் தம்பி பேரையும் எழுதியிருந்தார்கள்.

வீட்டுப் பாகப்பிரிவினையில் நானும் தம்பியும் பேச்சை விட்டு ஆறு வருஷம். ஆஸ்பத்திரியில் அம்மா என்னிடம் மூன்று தரம் கேட்டார்கள், ‘தம்பிகிட்ட பேசினியாப்பா?’ மூன்று தரமும் ‘பேசுறேம்மா’ என்றேன். பேசவில்லை. அடக்கத்தின்போதுகூட எதிரெதிரே நின்றோம்.

அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. பின்னால் ஆட்கள் தள்ளியது, வழிகாட்டி கூப்பிட்டது எதுவும் காதில் ஏறவில்லை. அப்பாவுக்காக என்று சொல்ல வந்த ஸ்தோத்திரம் எதற்கெல்லாமோ வந்தது. இத்தனை வருஷம் என்னைப் பொறுத்துக்கொண்டாரே, அதற்கு. எத்தனை தரம் சொன்னேன் என்று கணக்கில்லை.

வெளியே கரையில், பழைய தூண்களின் அடிக்கற்கள் இதய வடிவில் கிடக்கின்றன. எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் செருப்பைக் கழற்றித் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு, நம்பரை அழுத்தினேன். நாலாவது ரிங்கில் எடுத்தான். எனக்குப் பேச்சு வரவில்லை. அலைச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்.

‘அண்ணே,’ என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், ‘அம்மா சொன்ன கடலா அது?’