எழுத்தை எண்ணுதல்: காரைக்குடி நாட்குறிப்பு

ஜனவரி 6

நாங்கள் உருவாக்கிவரும் சிறு நிரல்மொழியின் அடிப்படை நூலகத்தில் உரையைக் கையாளும் பகுதி என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 'காரைக்குடி' என்னும் சொல்லின் நீளத்தை வேறு நிரல்மொழிகளிடம் கேட்டுப் பார்த்தேன். கோ மொழி, உரையைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டுகளை எண்ணி 30 என்றது. பைத்தான் 3 யூனிகோடு குறியெண்களை, அதாவது எழுத்துக்கும் அதன்மேல் ஏறும் குறிக்கும் யூனிகோடு தரம் தனித்தனியாகத் தரும் எண்களை, எண்ணி 10 என்றது. துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் அவை ஏறி நிற்கும் எழுத்தோடு சேர்த்தே எண்ணும் ஸ்விஃப்ட், பள்ளிப்பிள்ளை சொல்லும் அதே 5 என்ற விடையைத் தந்தது. மூன்றும் தத்தம் கணக்கில் சரிதான். எதை எண்ணினோம் என்பதை 'நீளம்' என்ற பெயர் சொல்லாததுதான் குறை.

ஜனவரி 8

இரவு இதை அப்பச்சியிடம் (எங்கள் வழக்கில் அப்பா) சொன்னேன். "நகரத்தார் கோயிலுக்கு வரி போடும்போது தலையையா எண்ணுகிறோம்? கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. எதற்குப் புள்ளி என்று தெரிந்த பிறகுதானே கணக்கு?" என்றார்கள். காலையில் 'நீளம்' என்ற செயற்கூறை (function) நீக்கிவிட்டு எழுத்தெண்ணிக்கை, குறியெண்ணிக்கை, பைட்டெண்ணிக்கை என மூன்றாக வைத்தேன். எழுத்துகளை எண்ண உரையைத் தொடக்கத்திலிருந்து நடந்து பார்க்க வேண்டும். நீண்ட கோப்புகளில் அது மெதுவாகத்தான் இருக்கும். தவறான விடை விரைவாக வருவதைவிட அதை ஏற்கிறேன்.

ஜனவரி 11

பெயரிலிருந்து தலைப்பெழுத்தை உருவாக்கும் செயற்கூறை ஆசையோடு எழுதியிருந்தேன், இன்று அழித்துவிட்டேன். முதல் குறியெண்ணை மட்டும் எடுத்தால் சாமிநாதன் 'ச' ஆகிவிடுகிறார். 1939இல் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசனை 'ச. கணேசன்' என்று அச்சடித்தால் இந்த ஊர் பொறுக்காது. முழு எழுத்தாக எடுத்தாலும் தமிழறிஞர் வ.சுப. மாணிக்கனாரின் பெயரில் 'சுப' என்று இரண்டு எழுத்து நிற்கிறது. எத்தனை எழுத்து என்பது குடும்ப வழக்கு. அதை நூலகம் ஊகிக்கக் கூடாது. கேட்ட அளவு எழுத்துகளை முன்னாலிருந்து எடுத்துத் தரும் செயற்கூறு மட்டும் இருக்கட்டும்.

ஜனவரி 13

எங்கள் ஊர் அம்மனின் பெயரான 'கொப்புடையம்மன்' என்று தேடியபோது கண்முன் இருந்த ஒரு வரி அகப்படவில்லை. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, பைத்தானின் நேரடி ஒப்பீடோ வேறு என்கிறது. எங்கள் மொழியில் ஒப்பிடுதலும் தேடுதலும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து இயல்பாக்கிய பிறகே நடக்கும்; குறியெண்களை அப்படியே ஒப்பிட விரும்புபவருக்குத் தனிப்பெயரில் ஒன்று உண்டு.

'க்ஷ' இன்னும் உறுத்துகிறது. அதை ஒரே எழுத்தாகக் கற்றவர்கள் 'லக்ஷ்மணன்' என்பதில் 5 எழுத்து என்பார்கள். யூனிகோடு விதி க், ஷ் எனப் பிரித்து 6 என்கிறது. பிற மொழிகளோடு தரவு பரிமாற வேண்டியிருப்பதால் சோதனைக் கோப்பில் 6 என்றே எழுதி, செயற்கூறின் விளக்கத்தில் முதல் எடுத்துக்காட்டாக இந்தப் பெயரையே வைத்திருக்கிறேன்.