குடிக்கிற அன்றைக்கு மாத்திரையை விடலாமா?

கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த புதிதில் ஒரு பெரிய தப்பு செய்தேன். சனிக்கிழமை நண்பர்களோடு இரண்டு பெக் போடுவதாக இருந்தால் அன்று இரவு மாத்திரையை அட்டையிலேயே விட்டுவிடுவேன், இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் போய்விடும் என்று அவ்வளவு பயம். மாதக் கடைசியில் அட்டையில் நான்கு மாத்திரை அப்படியே இருந்ததைப் பார்த்துவிட்டு டாக்டர், "விட வேண்டியதை விடாம, மருந்தை விட்டுட்டீங்களே" என்றார். சுருக்கென்றது.

அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 14 மணி நேரம் ஆகுமாம், அதனால் குடிக்கிற அன்று ஒரு மாத்திரையை விட்டாலும் உடம்பில் மருந்தே இல்லை என்று ஆகிவிடாது, விட்டும் பயனில்லை. கல்லீரல் நன்றாக இருக்கிறவர் எப்போதாவது கொஞ்சம் குடிப்பதற்கு ஸ்டாட்டின் (இந்த வகை கொலஸ்ட்ரால் மாத்திரை) பொதுவாகத் தடையில்லை. தினமும் குடிப்பதும், ஒரே இரவில் மூக்கு முட்டக் குடிப்பதும்தான் ஆபத்து. எனக்கு உறைத்தது இன்னொன்று: மதுவே டிரைகிளிசரைடை, அதாவது இரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பை, ஏற்றிவிடும், மாத்திரை ஒரு பக்கம் கொழுப்பை இறக்க நாம் இன்னொரு பக்கம் ஏற்றுகிறோம், 100 மில்லி இரத்தத்தில் டிரைகிளிசரைடு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கணைய அழற்சி (கணையம் வீங்குவது) வரைக்கும் போகலாம்.

அப்புறம், காரணமே இல்லாமல் தொடையும் தோளும் வலித்தாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, நேற்று குடித்ததால் இருக்கும் என்று படுத்துவிடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள், நான் முதலில் பாதிதான் சொன்னேன்.