நுனியில் விரியும் எழுத்து

பாம்பனில் மாமாவின் நாட்டுப்படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தபோது, படகின் முன்பக்கமான அணியத்தில் ‘பனிமய மாதா’ என்று எழுதும் வேலை என்னிடம் வந்தது. “தூரத்துல இருந்து தெரியணும் மருமகனே, அம்புட்டுதான்” என்றார் மாமா.

உடனே நினைவுக்கு வந்தது ஆல்பர்ட்டஸ். 1930களில் மோனோடைப் என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக பெர்தோல்ட் வோல்பே வரைந்த ஆங்கில எழுத்துரு. அவர் வெண்கலத்தில் எழுத்து செதுக்கிப் பழகியவர், அந்த உலோகத் தடிமன் எழுத்தில் அப்படியே நிற்கும். இதில் கோட்டின் நுனியில் தனியாகக் குறுங்கோடு ஒட்டியிருக்காது, கோடே நுனியை நெருங்க நெருங்க மெல்ல அகலும், தென்னை அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் பருப்பது மாதிரி. லண்டனின் நடுவே இருக்கும் ‘சிட்டி ஆஃப் லண்டன்’ பகுதியின் தெருப்பலகைகளில்கூட இந்த எழுத்துதான்.

சரி, தமிழுக்கு? ‘ப’வின் இரண்டு கால்களையும் தட்டைப் பிரஷ்ஷால் மேலே இழுத்து, உச்சியில் லேசாக அழுத்தினேன். பிரஷ் தானாக விரிந்தது. அந்த ஒரு நூல் அகலத்தில் எழுத்துக்கு என்ன ஒரு கம்பீரம்! உப்புக்காற்று ஓரத்தை அரித்தாலும் நுனி சட்டென்று மழுங்கித் தெரியாது.

பலகை, புத்தக அட்டை, கல்வெட்டு, பெரிய தலைப்பு, இதற்கெல்லாம் தாராளமாகப் போடலாம். பத்திப் பத்தியாகச் சின்ன அளவில் மட்டும் வேண்டாம்: விரிவு கண்ணுக்கே தெரியாது, தடித்த கோடுகள் ‘ம’வின் சுழியை அடைத்துவிடும்.

மறுநாள் பாலத்தில் நின்று பார்த்தேன். பெயர் தெளிவாகத் தெரிந்தது.