ஸ்டோரேஜ் டிரைவர் கிராஷ்: 6பி என்ற தடயம்

லினக்ஸ் கெர்னல் ஸ்டோரேஜ் கோடில் விழுந்தால், ஸ்டாக் டிரேஸுக்கு (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) முன் ரெஜிஸ்டர்களை (பிராசஸரின் உள் சேமிப்பிடங்கள்) பாருங்கள். ஒன்றில் 6பி6பி6பி6பி என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்லப் டீபக்கில் (கெர்னலின் நினைவக ஒதுக்கீட்டைச் சோதிக்கும் வசதி) பாய்சனிங் இயங்கும்போது, விடுவித்த நினைவகத்தில் 6பி (0x6b) என்ற பைட்டைத்தான் நிரப்பும். விடுவித்ததை யாரோ மறுபடி தொட்டிருக்கிறார்கள். முகவரி ‘டெட்’ (dead) என்ற எழுத்துகளில் தொடங்கினால், லிஸ்டிலிருந்து ஏற்கெனவே நீக்கிய உறுப்பின் சுட்டி அது.

கிராஷ் ஆனதும் இரண்டாவதாக ஒரு சின்ன கெர்னலை ஏற்றி, நினைவகத்தின் நகலை (டம்ப்) சேமிக்கும் வசதி கேடம்ப். அதற்கு 256 எம்பி ஒதுக்கினால் பெரும்பாலும் போதும். டம்பைச் சந்தேகத்துக்குரிய டிஸ்க்கிலேயே எழுதச் சொல்வதுதான் பலரும் செய்யும் கூத்து. இரண்டாம் கெர்னலும் அதே டிரைவரை ஏற்றி அங்கேயே விழலாம். நெட்வொர்க் வழியே வேறு மெஷினுக்கு அனுப்புங்கள்.

அடுத்து கேசான், தவறாக நினைவகத்தைத் தொடுவதைப் பிடிக்கும் கெர்னல் கருவி. நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை விழுங்கும், வேகமும் குறையும். ஆனால் ஒதுக்கிய இடம், விடுவித்த இடம், தொட்ட இடம் என மூன்று டிரேஸையும் தரும். வேகம் குறைவதால் ரேஸ் (இரண்டு பாதைகள் ஒரே நேரத்தில் மோதும் பிழை) ஒளிந்துகொண்டால், என்விஎம்இ (எஸ்எஸ்டி இணைப்பு முறை) ஐஓ டைம்அவுட்டை வழக்கமான 30 விநாடியிலிருந்து 1 ஆக்கி, எஃப்ஐஓ என்ற டிஸ்க் சோதனைக் கருவியால் சுமை ஏற்றுங்கள்.

பெரும்பாலும் மாட்டுவது இதுதான்: ரிக்வெஸ்ட் முடிந்து கம்ப்ளீஷன் பாதை கட்டமைப்பை விடுவிக்கும் அதே கணத்தில், டைம்அவுட் ஹேண்ட்லரும் அதைப் படிக்கிறது. டிரைவரின் சொந்த டைமர் என்றால், அதை நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருந்து, பிறகே விடுவிக்க வேண்டும். ஹேண்ட்லர் கேட்கும் லாக்கைப் பிடித்தபடி காத்திருந்தால் கிராஷ் போய் டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்திருந்து இரண்டும் நின்றுபோவது) வரும்.