500 வெள்ளிக் கோடும் பழங்காசு வாங்குவோரும்

வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து பழைய நாணயம், அஞ்சல்தலை, தகரப் பொம்மை போன்றவற்றை இணையத்தில் வாங்கும் மலேசியர்கள், பொருளின் விலையைப் பார்க்கும்போதே 500 வெள்ளி (ரிங்கிட்) என்ற எல்லைக்கோட்டையும் சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும். அந்தக் கோட்டைப் பற்றி இரண்டு விதிகள் பேசுகின்றன. இரண்டும் ஒரே 500-ஐச் சொன்னாலும் அதை அளக்கும் முறை வேறு வேறு என்பதால், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பழம்பொருள் சேர்ப்பவர்கள் வெளியார் நினைப்பதைவிட அதிகம். ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சதுர ஒரு காசு, ஜப்பான் ஆட்சியில் அச்சிட்ட வாழைமர நோட்டு, மலாய் கூட்டு மாநிலங்களின் புலி அஞ்சல்தலை ஆகியவைதாம் இங்கே பலருக்கும் ஆசை. இவற்றுள் தேய்மானம் இல்லாத நல்ல பிரதிகள் பல இன்று இங்கிலாந்து வியாபாரிகளிடம் இருக்கின்றன. கித்தா (ரப்பர்) தோட்டத் துரைமார்களும் அதிகாரிகளும் ஊர் திரும்பும்போது பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றவை, வாரிசுகளின் கை வழியாக ஏலத்துக்கு வருகின்றன. நம் ஊர்க் கடைகளில் புழங்கிய காசுக்கு நாமே இறக்குமதிக் கணக்குப் பார்க்க வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

முதல் விதி 2024 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. 500 வெள்ளிக்கு மேற்படாத விலையில் இணையவழி விற்கப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. இதை வாங்கும் நேரத்திலேயே விற்பனையாளரோ விற்பனைத் தளமோ வசூலித்துவிடும். ஆனால் இந்தக் கடமை எல்லா விற்பனையாளருக்கும் இல்லை. இத்தகைய பொருட்களை மலேசியாவுக்கு 12 மாதங்களில் 500,000 வெள்ளிக்கு மேல் விற்பவர்களே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆகவே பெரிய தளத்தில் வாங்கினால் வரி சேர்ந்துவிடும் நாணயத்தை, மாதத்துக்கு நாலைந்து பொட்டலம் அனுப்பும் ஒரு சிறு வியாபாரியிடம் நேரடியாக வாங்கினால் அந்த வரி இல்லாமலே பெற இயலும். இந்த வரி பொருளின் விலைமீது மட்டுமே கணக்கிடப்படுகிறது. அனுப்புகைச் செலவு அதில் சேராது.

இரண்டாவது விதி பழையது. விமானவழிக் கூரியரில் வரும் பொட்டலத்தின் மதிப்பு 500 வெள்ளிக்குள் இருந்தால் நுழைவின்போது வரி கேட்கப்படுவதில்லை. இங்கே மதிப்பு என்பது பொருளின் விலை, காப்புறுதி, அனுப்புகைக் கட்டணம் மூன்றும் சேர்ந்த தொகை. ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் என்னிடம் கேட்டது இதைப் பற்றித்தான். அவர் வாங்கிய அஞ்சல்தலைத் தொகுப்பின் விலை 420 வெள்ளி, அனுப்புகைக் கட்டணம் 95 வெள்ளி. "தம்பி, வாங்கும்போதே வரி கட்டியாகிவிட்டதே, மறுபடியும் எதற்குக் கேட்கிறான்?" என்றார். விலை 420 என்பதால் முதல் விதி அதைப் பிடித்துக்கொண்டது. மொத்தம் 515 ஆகிவிட்டதால் இரண்டாவது விதியின் சலுகை கைநழுவியது. "ஐயா, ஏற்கெனவே வரி கட்டியதைக் காட்டும் ரசீதை எடுத்துக் கொடுத்துப் பேசுங்கள்" என்றேன். அந்த ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளாதவர்கள்தாம் இத்தகைய நேரத்தில் தடுமாறுகிறார்கள்.

அனுப்புகைச் செலவை மிச்சப்படுத்த மூன்று, நான்கு பொருட்களை ஒரே பெட்டியில் போடச் சொல்வது நம்மிடையே உள்ள வழக்கம். அந்தப் பெட்டியே கோட்டைத் தாண்டிவிட்டால் மிச்சம் பிடித்தது வரியாகப் போய்விடும். ஒரு கணக்குப் பார்ப்போம். பெட்டியின் மொத்த மதிப்பு 700 வெள்ளி, பொருளுக்கு இறக்குமதி வரி 5 விழுக்காடு, விற்பனை வரி 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், இறக்குமதி வரி 35 வெள்ளி. விற்பனை வரியோ 700-இன் மீதன்று, இறக்குமதி வரியும் சேர்ந்த 735-இன் மீது விதிக்கப்படும் என்பதால் 73 வெள்ளி 50 காசு. ஆக 108 வெள்ளி 50 காசு.

விழுக்காடு எவ்வளவு என்பதைப் பொருள் எந்தத் தலைப்பில் வகைப்படுத்தப்படுகிறது என்பதே முடிவு செய்கிறது. உலகச் சுங்க வகைப்பாட்டின் 97-ஆம் அத்தியாயத்தில் அஞ்சல்தலைகள் 9704 என்ற தலைப்பு எண்ணிலும், நாணயவியல் ஆர்வத்துக்குரிய சேகரிப்புகள் 9705-இலும், 100 ஆண்டைக் கடந்த பழம்பொருட்கள் 9706-இலும் வருகின்றன. பொம்மைகளும் சிறு அளவு மாதிரிகளும் 9503-இல் அடங்கும். ஆயிரக்கணக்கில் விலைபோகும் 1950-களின் தகரக் கார்கூட, 100 ஆண்டு ஆகாததால் 9706-க்குள் வராது. சுங்க அதிகாரியின் பார்வையில் அது பெரும்பாலும் பொம்மைதான். 2025 ஜூலை 1 முதல் விற்பனை வரியின் வரம்பு விரிக்கப்பட்டு, கையால் தீட்டிய பழங்கால ஓவியங்கள் போன்றவை 10 விழுக்காட்டுக்குள் வந்திருப்பதால், பழைய நினைவை நம்பாமல் சுங்கத் துறையின் இணையத்தளத்தில் குறியீட்டைத் தேடிப் பார்த்துவிட்டே ஏலத்தில் இறங்குவது நல்லது.

இதனால்தான் பொட்டலத்தின் மேல் ஒட்டும் சி.என்.22 என்ற சிறிய சுங்க அறிவிப்புப் படிவத்துக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன். அன்பளிப்பு, ஆவணம், விற்பனைப் பொருள் என்று அதில் கட்டங்கள் இருக்கும். கீழே பொருளின் விவரம், எடை, மதிப்பு. "உங்களுக்காக அன்பளிப்பு என்று போட்டு, மதிப்பைக் குறைத்து எழுதிவிடட்டுமா?" என்று தாமாகவே கேட்கும் விற்பனையாளர்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுவதே மேல். அது பொய் அறிவிப்பு என்பது ஒருபுறமிருக்க, 600 வெள்ளிப் பொருளை 60 என்று எழுதிய பொட்டலம் வழியில் தொலைந்தால் 60-க்கு மேல் எந்த முகத்தோடு இழப்பீடு கேட்பது? "பழைய சாமான்" என்று மொட்டையாக எழுதுவதும் உதவாது. நாணயம் என்றால் எந்த ஆட்சி, எந்த ஆண்டு, எத்தனை எண்ணிக்கை என்பதை எழுதச் சொல்லி, அதையே விலைச்சீட்டிலும் போடச் சொல்ல வேண்டும்.

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டுவது வரியன்று, வரியின் பின்னால் வரும் கட்டணம். விரைவுக் கூரியர்கள் நமக்காகச் சுங்கத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, அந்தச் சேவைக்குத் தனியே ஒரு தொகையைச் சேர்க்கின்றன. ஒரு நிறுவனம் எனக்கு அனுப்பிய பில்லில் அந்தச் சேவைக் கட்டணம் வரியைவிட அதிகமாக இருந்தது. தோட்டத்து லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) முகவரியைக் கண்டுபிடிக்க முடியாமல் பொட்டலத்தைக் கிடங்கில் வைத்துவிட்டு அதற்கும் வாடகை கேட்டவர்கள் உண்டு. இறுதித் தொகையை வாங்கும்போதே முழுமையாக வசூலிக்கும் முறையை விற்பனையாளர் தந்தால், சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நான் அதையே தேர்ந்தெடுக்கிறேன்.

இந்தியாவிலிருந்து வாங்க நினைப்பவர்களுக்கு வரிக்கு முன்னால் வேறொரு தடை இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம், சிற்பம் முதலியவற்றையும் 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடிகளையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சோழர் காசு என்று சொல்லித் தமிழ்நாட்டிலிருந்து மலிவாக அனுப்ப ஒருவர் முன்வந்தால், ஒன்று அது போலி, இல்லையேல் சட்டத்தை மீறி வருவது; இரண்டில் எதுவானாலும் அந்தப் பேரத்தை அங்கேயே முறித்துக்கொள்ள வேண்டும்.