சிங்கப்பூர் பயணம்: மாதத்தைவிட நேரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூருக்கு எந்த மாதத்தில் போவது நல்லது என்று கேட்பவர்களிடம், எந்த மாதமானாலும் போகலாம், ஆனால் ஒரு நாளின் எந்தப் பொழுதில் வெளியே நடப்பது, எந்தப் பொழுதில் கூரைக்கு அடியில் இருப்பது என்பதை முன்னதாகவே முடிவுசெய்து கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்லி வருகிறேன். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்தத் தீவில் கோடை, குளிர் என்ற பிரிவினை கிடையாது. ஆண்டு முழுவதும் பகலின் உச்ச வெப்பநிலை பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இரவிலும் அது 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அங்கே பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையே 37 டிகிரிதான். 1983 ஏப்ரலில் ஒருமுறையும் 2023 மே மாதத்தில் ஒருமுறையும் அந்த அளவு எட்டப்பட்டது.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, 40 டிகிரியைக் கண்டு பழகிய நமக்கு இது பொருட்டே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அங்கே உடலைச் சோர்வடையச் செய்வது வெயிலைக் காட்டிலும் புழுக்கம்தான். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்கூட அது 60 விழுக்காட்டு அளவில்தான் நிற்கும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை உலராமல் சட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. முற்பகலில் சிராங்கூன் சாலையில் சிறிது தூரம் நடந்ததற்கே நீண்ட தூரம் ஓடியவனைப் போல் நான் களைத்துப் போனேன். பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கிய கான்கிரீட் கட்டடங்கள் இரவில் அதை மெல்ல வெளியே விடுவதால், நகரின் நடுப்பகுதியில் பொழுது சாய்ந்த பிறகும் இறுக்கம் முழுதாக விலகுவதில்லை. துவைத்த துணியை அறைக்குள் காயவைத்தால் மறுநாள் காலையிலும் ஈரம் இருக்கும். எனவே கனமான ஜீன்ஸைத் தவிர்த்து, எளிதில் உலரும் மெல்லிய ஆடைகளைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான நிலை கட்டடங்களுக்குள் இருக்கிறது. பேரங்காடிகள், அருங்காட்சியகங்கள், எம்ஆர்டி எனப்படும் நகர ரயில்கள் ஆகிய எல்லாவற்றிலும் குளிர்சாதனம் தாராளமாக இயங்குகிறது. வியர்வையில் நனைந்த உடையோடு உள்ளே நுழைந்தால் சற்று நேரத்தில் உடம்பு சிலிர்க்கிறது. கைப்பையில் ஒரு மெல்லிய மேலாடை இருக்கட்டும்; குழந்தைகளுக்கு இது கட்டாயம் வேண்டும். அங்கிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடியிலும் கேமரா லென்ஸிலும் ஆவி படியும். அதைத் துடைக்கத் துடைக்க மீண்டும் படிவதால், வெளிக்காற்றின் வெப்பத்தை அந்தக் கண்ணாடி எட்டும் வரை சில நிமிடங்கள் பொறுத்திருப்பதே நல்லது.

பொழுதைத் திட்டமிடும்போது அந்த ஊர்க் கடிகாரத்தின் ஒரு தன்மையை நினைவில் கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டியே சூரியன் உதிக்கிறது; மாலையும் ஏழு மணி அளவில்தான் மறைகிறது. ஆகவே உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கன்று, ஏறக்குறைய ஒரு மணிக்குத்தான் வருகிறது. காலை ஏழு மணி முதல் பத்து மணி வரையிலான நேரமே நடப்பதற்கு மிக இதமானது என்பது என் அனுபவம். பூமலை என்று அங்குள்ள தமிழர்கள் அழைக்கும் தாவரவியல் தோட்டம் அதிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறது. முதல் வெளிச்சத்தில் அங்கே நடப்பதற்காகவே சீக்கிரம் எழலாம். பதினொரு மணி முதல் நான்கு மணி வரையிலான நேரத்தை அருங்காட்சியகங்களுக்கோ, கரையோரப் பூந்தோட்டத்தின் குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடங்களுக்கோ ஒதுக்கிவிடலாம். தெளிந்த வானமுள்ள நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு, மிகத் தீவிரமானது எனக் கருதப்படும் 11ஐயும் தாண்டக்கூடும் என்பதால், தொப்பியும் சன்ஸ்கிரீனும் வீண் சுமையல்ல.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை, ஏறத்தாழ 171 நாள்களில் பெய்கிறது. ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள்கள் மழையென்றால் பயணமே கெட்டுவிடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான நாள்களில் பிற்பகலில் வானம் திடீரெனக் கறுத்து, இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்து, ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடுகிறது. தீவின் மேற்கே ஜூரோங்கில் கொட்டும்போது கிழக்கே சாங்கியில் வெயில் அடிப்பது அங்கே இயல்பான காட்சி. அதனால் நாள் முழுவதற்குமான முன்னறிவிப்பைவிட, வானிலை ஆய்வகம் பகுதிவாரியாக வெளியிடும் இரண்டு மணி நேர முன்னறிவிப்பும் ரேடார் படமும்தான் பயணிக்கு உதவும். மின்னலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மின்னல் அபாயம் இருக்கும்போது நீச்சல் குளங்களில் இருப்பவர்களை வெளியேற்றுகிறார்கள். திறந்தவெளியிலோ கடற்கரையிலோ இருந்தால் நாமும் உடனே கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். பழைய கடைவீடுகளின் முன்னால் நீளும் ஐந்தடிப் பாதைகள் வெயிலுக்கும் மழைக்கும் நல்ல புகலிடம். நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1822ஆம் ஆண்டு வகுத்த நகரத் திட்டத்திலேயே இந்தக் கூரையிட்ட நடைபாதைக்கு இடம் இருந்தது. அந்த மண்ணின் வானிலையை அறிந்து செய்த ஏற்பாடு என்று அதன் நிழலில் நின்றபோது மனம் நெகிழ்ந்தேன்.

மாதங்களுக்கிடையே வேறுபாடு அறவே இல்லை என்று சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டுக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரிலும் ஜனவரியிலும் அங்கே நாள்கணக்கில் விடாத மழையைக் கொண்டுவருவதுண்டு. பிப்ரவரி ஒப்பீட்டளவில் வறண்டது. ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் மிகுதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியலுக்கு முன்போ காலையிலோ சுமத்ராவின் பக்கமிருந்து வீசும் சூறைக்காற்று, நான் மேலே பரிந்துரைத்த காலை நடையையே கெடுத்துவிடலாம். அந்தக் காலத்தில்தான் சில ஆண்டுகளில் அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டமும் சூழ்கிறது. 2013இலும் 2015இலும் அது கடுமையாக இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் புறப்படுவதற்கு முன் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதியவர்களோடு செல்பவர்கள் வெப்பநிலையை மட்டும் நம்பாமல், 2023 முதல் அங்கே வெளியிடப்படும் வெப்ப அழுத்த அறிவுரையைக் கவனியுங்கள். வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயிலின் கடுமை ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அந்த அளவு 33 டிகிரியை எட்டினால், நிலை ‘உயர்வு’ என்று அறிவிக்கப்படும். என் பெற்றோருடன் சென்றபோது அப்படி ஒரு நாள் வாய்த்தது. செந்தோசா தீவுக்குக் காலையில் போவதாக இருந்ததை மாலை நான்கரைக்கு மாற்றினோம். இருட்டும் வரை அவர்கள் இருவரும் களைப்பின்றிக் கடற்கரையில் நடந்தார்கள்.