நேற்றிரவு வைத்த வால்யூம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டதும் அறையே அதிர்வது போல ஓசை எழுந்தது. பதறிப்போய் ஓடி, குமிழைத் திருகி ஒலியைக் குறைத்தேன். கருவியில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். கோளாறு ஒன்றுமில்லை. முந்தைய இரவு பதினொரு மணிக்கு, மிக இதமாக இருக்கிறது என்று எண்ணி நான் கேட்டுக்கொண்டிருந்த அதே இடத்தில்தான் குமிழ் நின்றிருந்தது. குமிழில் உள்ள சிறிய வெள்ளைக் கோட்டைக் கடிகார முள்ளாக வைத்துக்கொண்டால், அது இரண்டு மணியைக் காட்டியது. மாலை ஏழு மணிக்குக் கேட்கத் தொடங்கியபோது அது பத்து மணியில் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தில், பாட்டுக்கு ஒரு மயிரிழை என்று என் கையே அதை நகர்த்திக்கொண்டு போயிருக்கிறது. ஒரு முறைகூட அது மிகையாக எனக்குப் படவில்லை.

அன்று எனக்கு உறைத்தது இதுதான்: எவ்வளவு ஓசை போதும் என்று தீர்மானிக்கும் வேலையை நாம் காதிடம் விடுகிறோம், ஆனால் ஓரிரு மணி நேரம் ஓசையில் ஊறிய காதுக்குத் தன் களைப்பு தெரிவதில்லை. களைத்த காது மந்தமாகக் கேட்கிறது. மந்தமாகக் கேட்பதால் ஒலியைக் கூட்டுகிறோம். கூட்டியதால் அது மேலும் களைக்கிறது.

இந்தக் களைப்பு உட்செவியில் நிகழ்கிறது. அங்கே நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள், அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் நுண்ணிய முடிச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காதில் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000 என்று வைத்துக்கொள்ளலாம். உரத்த ஓசைக்குப் பிறகு இவை தளர்ந்துபோகும்போதுதான் காது அடைத்தது போலவும், உள்ளே ஏதோ ரீங்கரிப்பது போலவும் தோன்றுகிறது. பெரும்பாலும் சில மணி நேரத்திலோ மறுநாளோ அது சரியாகிவிடுவதால் நாமும் மறந்துவிடுகிறோம். ஆனால் அளவு மீறிப் போனால் அந்தச் செல்கள் மடிகின்றன. பறவைகளின் காதில் அவை மீண்டும் முளைக்கும். மனிதக் காதில் முளைப்பதில்லை. பிறக்கும்போது கிடைத்ததுதான் ஆயுள் முழுவதற்கும். முடிச் செல்கள் பிழைத்தபோதும் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகள் அழிந்துவிடக்கூடும் என்பதை 2009-ஆம் ஆண்டு எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதைப் படித்த பிறகு, ‘காலையில் சரியாகிவிட்டதே’ என்ற சமாதானத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் என்ற அலகில் சொன்னால், காதில் வலி எழுவது ஏறத்தாழ 120 டெசிபலுக்கு மேல்தான். சேதமோ அதற்கு வெகு கீழே, 85 டெசிபல் அளவிலேயே, நேரம் நீள நீளத் தொடங்கிவிடுகிறது. டெசிபல் கணக்கு வழக்கமான கூட்டல் கணக்கு அல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. காதுக்கோ அது சிறிது கூடியதாக மட்டுமே தோன்றுகிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம் 1998-இல் வகுத்த பரிந்துரைப்படி, 85 டெசிபலில் எட்டு மணி நேரம், 88-இல் நான்கு மணி நேரம், 91-இல் இரண்டு, 94-இல் ஒன்று என்று ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிக்கொண்டே போய், 100 டெசிபலில் பதினைந்தே நிமிடங்கள்தான் மிஞ்சுகின்றன. அதுவும் தொழிற்கூடத்துக்கு வகுத்த எல்லை. நாற்பது ஆண்டுகள் அந்த எல்லையிலேயே வேலை செய்தால்கூட நூறில் எட்டுப் பேருக்குக் கூடுதலாகச் செவித்திறன் குறையும் என்று அந்த நிறுவனமே கணக்கிட்டிருக்கிறது. ஆகவே பொழுதுபோக்குக்கு அதைவிடக் கீழே நிற்பதுதான் முறை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் சேர்ந்து வெளியிட்ட தரம், கையடக்கக் கருவிகளில் கேட்கும் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்றும், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்றும் சொல்கிறது. இதை ஒரு வாரச் செலவுக் கணக்காகப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 83-க்குப் போனால் 20 மணி, 86-க்குப் போனால் 10 மணி, 89-க்குப் போனால் வாரம் முழுவதற்கும் 5 மணி நேரம்தான்.

வீட்டு ஸ்பீக்கர் எங்கே அந்த அளவுக்குப் போகப்போகிறது என்று கேட்கலாம். எளிதாகப் போகும். ஒரு சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 87 டெசிபல் வருகிறது. பத்து வாட் கொடுத்தால் 97, நூறு வாட் கொடுத்தால் 107. தள்ளி உட்கார்ந்தால் சில டெசிபல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதும் சுவர்கள் எதிரொலிப்பதும் அதில் ஒரு பங்கை ஈடுசெய்துவிடும். ‘குமிழ் பாதியில்தானே இருக்கிறது’ என்ற ஆறுதலும் பொய். பல ஆம்ப்ளிஃபயர்கள் குமிழ் பாதித் தூரம் திரும்பியதுமே தம் முழுச் சக்தியை நெருங்கிவிடுகின்றன. மீதிப் பாதி வெறும் தோற்றம். ஹோம் தியேட்டர் கருவிகளில் 0 என்று திரையில் தெரியும் அளவு, சரியாகச் சீர்செய்த கருவியில், ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் வரை எட்டுவதைக் குறிக்கும். பெரிய திரையரங்குக்காக வகுத்த அந்த அளவைச் சிறிய அறைக்குள் கொண்டுவர வேண்டிய தேவை எனக்குப் புரிந்ததே இல்லை.

நல்ல கருவிகளில் ஒரு தனி அபாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. மலிவான ஸ்பீக்கரில் ஒலியைக் கூட்டினால் அது கரகரக்கும், கீச்சிடும். உடனே கை தானாகக் குறைத்துவிடும். நாம் ‘சத்தம் அதிகம்’ என்று உணர்வதில் பெரும் பங்கு அந்தக் கரகரப்புதான். கருவி தரமானதாக ஆக ஆக அந்த எச்சரிக்கை இல்லாமல் போகிறது. 95 டெசிபலிலும் தெளிவாக, இனிமையாக ஒலிக்கும் ஸ்பீக்கர் காதுக்குச் செய்வது 95 டெசிபலின் வேலையைத்தான்.

மெல்லிய ஒலியில் இசை சாரமற்று இருக்கிறது என்று சொல்பவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் வரைந்து காட்டியதைப் போல, ஒலி குறையக் குறையத் தாழ்ந்த சுருதிகள் நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்கிப்போகின்றன. அதனால் பேஸ் இல்லாதது போலத் தோன்ற, அதைத் தேடி முழு வால்யூமையும் ஏற்றுகிறோம். தேவைப்படுவது பேஸ் மட்டும்தான். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது இதற்காகவே வைக்கப்பட்டது. அது இல்லாவிட்டால் பேஸ் குமிழைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். நான் என் நாற்காலியை ஸ்பீக்கர்களுக்கு ஒரு மீட்டர் அருகே இழுத்துப் போட்டேன். கருவி எழுப்பும் ஓசை குறைந்தது, காதுக்கு வந்து சேரும் நுணுக்கம் கூடியது. ஜன்னல் வழியே வரும் இரைச்சல், ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி ஆகியவற்றையும் முதலில் நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். இரைச்சலின் மேலே ஏறி நிற்பதற்காகத்தான் நாம் பாதி ஒலியைச் செலவிடுகிறோம்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். ஸ்பீக்கர் என்றால் பக்கத்து அறையிலிருந்தாவது ஒரு குரல் வந்து தடுக்கும். ஹெட்ஃபோனில் தடுக்க யாரும் இல்லை. பல கைபேசிகள் முழு வால்யூமில் 100 டெசிபலைத் தொட்டுவிடும். உச்ச அளவில் அறுபது விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை ஒரு தோராயமான வேலியாக வைத்துக்கொள்ளலாம். புற இரைச்சலை நீக்கும் வகை ஹெட்ஃபோன்களுக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. சுற்றுச் சத்தம் அடங்கினால் கை தானாகவே குறைவான அளவில் நிற்கிறது. முந்தைய முறை யார் எந்த அளவில் விட்டுவைத்தார்கள் என்று தெரியாத இயர்பட்ஸை நேரே காதில் செருகாமல், கையில் வைத்துக்கொண்டு பாட்டை ஓடவிட்டு, அளவைக் குறைத்த பிறகு காதில் வைப்பது என் வழக்கம்.

அந்த வழக்கம் ஒரு விபத்திலிருந்து வந்தது. ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பின்னால் குனிந்து, சிடி பிளேயரின் கேபிளை உருவி வேறு துளையில் செருகப் பார்த்தேன். கேபிளின் நடு ஊசி முதலில் பட்டு, வெளி வளையம் படாமல் நின்ற அந்தக் கணத்தில், ஸ்பீக்கரிலிருந்து ‘ப்ப்ர்ர்’ என்று ஒரு உறுமல் வெடித்தது. என் வலக் காது, உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில்கூட இல்லை. நடுச்செவியில் ஒரு சிறு தசை உண்டு. உரத்த ஓசை கேட்டால் அது இறுகி, உள்ளே போகும் அதிர்வைச் சற்றுத் தணிக்கும். ஆனால் அது இறுகுவதற்குள் இப்படிப்பட்ட திடீர் ஓசை உள்ளே போய்விடுகிறது. இரண்டு நாள் வலக் காதில் மெல்லிய விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. இரவில் அறை அடங்கியதும் அது மட்டும் தனியாகக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருந்தது.

ஆகவே கேபிளைத் தொடுமுன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட வேண்டும். போடும்போது பிளேயர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். இரண்டு நேரத்திலும் குமிழ் அடியில் இருக்க வேண்டும். மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஹம் வருகிறது என்பதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் நீக்காதீர்கள். என் கருவியைப் பழுது பார்த்த ஒருவர் அப்படித்தான் ஹம்மை ‘சரிசெய்து’ கொடுத்தார். உள்ளே ஒரு கம்பி விலகினால், கருவியின் உலோகப் பெட்டியிலிருந்து மின்சாரம் நம் உடல் வழியே இறங்கும். கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் செருகினாலே பல வீடுகளில் ஹம் அடங்கிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் மேல் துணியோ புத்தகமோ வைத்துக் காற்றுத் துளைகளை மூடக் கூடாது. 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகிவிடும். உங்கள் கருவி அதைத் தாங்குமா என்று பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கக்கூடும் என்பதால் மூடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

விசில் நின்ற பிறகு செவித்திறன் பரிசோதனைக்குப் போனேன். ஒலி புகாத சிறு அறைக்குள் உட்கார்ந்து, மெல்லிய ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வரைபடத்தில் இடக் காதின் கோடு சமமாகப் போயிருந்தது. வலக் காதின் கோடு 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிக்கு அருகே ஒரு பள்ளத்தில் இறங்கி மீண்டும் மேலே வந்திருந்தது. உரத்த ஓசையால் வரும் சேதம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் தலைகாட்டும் என்று பரிசோதித்தவர் விளக்கினார். சொற்களில் மெய்யெழுத்துகளின் கூர்மை அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அது மங்கினால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. கடை, தடை, சடை மூன்றும் ஒன்றுபோல ஒலிக்கும். கூட்டத்தில் பேசுபவரின் வாயைப் பார்த்தால்தான் புரிகிறது என்ற நிலை வந்திருந்தால், காதிரைச்சல் அடிக்கடி வந்தால், பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்க நாட்களில் தரும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.

இப்போது மாலையில் உட்கார்ந்ததும், காது புதிதாக இருக்கும்போதே, நாற்காலியில் என் தலை இருக்கும் உயரத்தில் கைபேசியைப் பிடித்து அளவுச் செயலியைப் பார்த்துக்கொள்கிறேன். கைபேசி அளப்பது துல்லியமல்ல, சில டெசிபல் பிசகும். ஆனால் 72-க்கும் 85-க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல அது போதும். 72-இல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். ரிமோட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் அமைதி. அணைப்பதற்காகக் குமிழை இறக்கும்முன், வெள்ளைக் கோடு எங்கே நிற்கிறது என்பதை ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். முதல் வாரத்தில் ‘தொடக்கம் பத்து, முடிவு பன்னிரண்டு’ என்று நான்கு நாட்கள் எழுதியிருக்கிறேன். நேற்று இரண்டு பத்திகளிலும் பத்து என்று எழுதினேன்.